வலப்பக்கமாகப் போன அறுநூறு மீற்றர்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. காலை நாலு நாற்பதுக்கு எழும்பினேன். கிணற்றடியில் குளித்துவிட்டு மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன். முன் டயரில் இருபத்தெட்டு, பின் டயரில் முப்பத்திரண்டு இறாத்தல் காற்று இருந்தது. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைப் பழந்துணியால் துடைத்தேன். பிறேக், சமிக்ஞை விளக்கு, ஹோர்ன், கண்ணாடி என்று எப்போதும் பார்க்கிற வரிசையில் பார்த்தேன். தூரமானி 41,386 காட்டியது. மனைவி இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டித் தந்தாள். ஐந்து இருபதுக்கு ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையை விட்டுப் புறப்பட்டோம். போக நினைத்திருந்த இடம் பருத்தித்துறை.

குளங்களில் நீர்மட்டம் அளந்து எழுதுவது என் உத்தியோகம். சிறுபோக அறுவடை தொடங்கிக் குளங்களின் கதவுகள் மூடப்பட்டதும் எனக்குச் சில நாள் லீவு கிடைக்கும். ஏழு வருடமாக அந்த நாட்களில் வடக்கே ஓடி வருகிறேன். வழமையாகக் கூட வருகிற அலுவலக நண்பருக்கு இந்த வருடம் முழங்கால் மடங்கவில்லை. அதனால் புதிய ஆள்.

புதிய ஆள் எங்கள் பின்வீட்டு ஆசிரியையின் கணவர். வயது முப்பத்தாறு. பிறந்தது சித்தாண்டி. கலியாணம் முடித்ததும் எங்கள் பகுதி வழக்கப்படி மனைவி வீட்டுக்குக் குடிவந்தவர். ஆனால் அந்த வீட்டில் அவர் இருந்ததை மாதக் கணக்கில் சொல்லிவிடலாம். பதினொரு வருடம் கட்டாரில் பாரவாகனம் ஓட்டினார். லீவில் வந்து பத்தொன்பது நாள். இன்னும் ஒரு மாதத்தில் திரும்பிப் போக வேண்டும். நான் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவுவதைப் பார்த்துவிட்டு வேலிக்கு மேலால் கேட்டார், தானும் வரலாமா என்று. வடக்குப் பக்கத்தைத் தான் கண்டதேயில்லை என்றார். மைத்துனரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டார்.

நான் மூன்று விஷயம் சொல்லியிருந்தேன். அறுபதுக்கு மேல் ஓடுவதில்லை. ஒருவர் முன்னால், மற்றவர் முப்பது மீற்றர் பின்னால். ஐம்பது கிலோமீற்றருக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓய்வு.

"இது என்ன அண்ண, பள்ளிக்கூடப் பிள்ளையள் சுற்றுலா போறாப்போல?" என்று சிரித்தார்.

அவர் மனைவி கேற்றடியில் நின்று, "அண்ண, இவர முன்னுக்கு விடாதீங்க. அங்க ஓடினாப்போல இஞ்சயும் ஓடுவார்" என்றாள். அவள் சொன்னது வேகத்தை. நாங்கள் மூவரும் வேகத்தைத்தான் நினைத்தோம்.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வெளிச்சம் வரவில்லை. ஏறாவூர் தாண்டச் சூரியன் வந்தது. அதோடு கச்சானும் தொடங்கியது. ஆகஸ்டில் மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றுக்கு ஈரமே இல்லை. தலைக்கவசத்துக்குள் புகுந்து காதை அறைந்தது. சித்தாண்டியை விட்டு வெளிக்கிட்டதும் வீதியின் பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். மிச்சப் பாதியால்தான் இரண்டு பக்க வாகனங்களும் போக வேண்டும். எதிரே மணல் ஏற்றிய லொறி ஒன்று வேகத்தைக் குறைக்காமல் வந்தது. நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. கடைசி நொடியில் நெல்லுக்குள் சைக்கிளை விட்டார். சறுக்கியது, காலூன்றித் தப்பினார். லொறி பக்கத்தால் போகும்போது அதன் கதவில் ஓங்கி ஒரு உதை விட்டார்.

லொறி நின்றது. சாரதி சக்கரம் கழற்றும் இரும்போடு இறங்கி வந்தான். இவர் தலைக்கவசத்தைக் கழற்றி, வாரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாய் வழியில் திட்டிக்கொண்டார்கள். நான் நடுவில் போய் நின்றேன். சாரதியின் எச்சில் என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. தம்பி புதுசு, பிழைதான், விட்டுவிடுங்கள் என்று நான் இரண்டு கையையும் கூப்பினேன். நெல்லுக்குச் சொந்தக்காரி கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மூவரையும் பொதுவாக ஏசினாள். சாரதி இரும்பால் இவருடைய முன்விளக்கைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். விளக்கு உடையவில்லை. உடைக்க முடியும் என்பதைக் காட்டத்தான் தட்டினான்.

"நீங்க ஏன் அண்ண மன்னிப்புக் கேட்ட? பிழை அவன்ட" என்றார் இவர். எங்களுக்கு முன்னால் நானூறு கிலோமீற்றர் இருக்கிறது என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"பதினொரு வருசம் வாயப் பொத்திக்கொண்டு இருந்தன் அண்ண. ஆர் ஏசினாலும் தலையாட்டினன். ஒருக்கா ஒருத்தன் செருப்பால எறிஞ்சான், அதையும் எடுத்துக் குடுத்தன். இஞ்ச வந்தும் பொத்தச் சொல்றீங்களா?"

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

ஓட்டமாவடிப் பாலம் கடந்து வடக்கே திரும்பினோம். அதன்பிறகு வீடுகள் குறைவு. காய்ந்த பற்றைக் காடு, இடையிடையே உப்புப் பூத்த வெளி. இரவு வாகனத்தில் அடிபட்ட நாய் ஒன்று வீதியின் நடுவில் கிடந்தது. காகங்கள் எழும்பவில்லை, நாங்கள்தான் விலகிப் போனோம். பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அப்பால், வீதியின் வலப்பக்கம், கடல் பக்கமாக ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. ஏழு இருபத்தைந்துக்கு அங்கே நிறுத்தினோம். இடியப்பத்தைப் பிரித்து இருவரும் சாப்பிட்டோம். அப்போது அவருக்குக் கோபம் போயிருந்தது. மணல் லொறிச் சாரதியின் நடையை நடந்து காட்டிக் கடைக்காரரைச் சிரிக்க வைத்தார். என்னைப் பார்த்து, அண்ணன் கும்பிட்ட கும்பிடுக்கு லொறியே இரங்கியிருக்கும் என்றார்.

ஏழு நாற்பதுக்குப் புறப்பட்டோம். அவர் முன்னால் போனார். நான் தூரமானி இலக்கத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கையுறை போட்டேன். அதற்கு இருபது விநாடிக்கு மேல் எடுத்திருக்காது. வீதியில் ஏறியதும் கண்டேன், அவர் வலப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்.

கடை வலப்பக்கம் இருந்தது. அவர் கடை முற்றத்திலிருந்து வீதியில் ஏறி, ஏறிய பக்கத்திலேயே நேரே போய்விட்டார். கட்டாரில் வலப்பக்கம்தான் ஓடுவார்கள். பட்டணத்துக்குள் முன்னும் பின்னும் வாகனம் இருந்தால் அதைப் பார்த்து ஆள் இடப்பக்கம் நிற்பார். இங்கே வீதியில் எவரும் இல்லை. பதினொரு வருடப் பழக்கம் அவரைக் கொண்டுபோனது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த சாரதிகள் இப்படிப் போவதை நான் அதற்கு முன்னும் இரண்டுதரம் கண்டிருக்கிறேன். இரண்டுதரமும் எதிரே ஒன்றும் வரவில்லை.

நான் ஹோர்ன் அடித்தேன். அவர் திரும்பாமல் இடது கையைத் தூக்கி ஆட்டினார். நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்வதாக நினைத்திருக்கிறார். வேகத்தைக் கூட்டினார். நான் எழுபதில் போனேன், எட்டவில்லை. வீதி இடப்பக்கம் வளைகிற இடத்தில், பற்றை மறைவிலிருந்து ஒரு மீன்காரர் மிதிசைக்கிளில் வந்தார். அவருடைய பக்கத்தில், வீதியின் ஓரமாக, சரியாகத்தான் வந்தார்.

மோதிய சத்தம் பெரிதல்ல. பலகைப்பெட்டி ஒன்றைப் போட்டு உடைத்த மாதிரிதான் கேட்டது. மீன்பெட்டி மேலே போய், மீன் முழுவதும் வீதியில் கொட்டியது. மீன்காரர் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தோடு நாலு மீற்றர் இழுபட்டார். இவர் கைப்பிடிக்கு மேலால் பறந்து மணலில் விழுந்து, உருண்டு, எழும்பி நின்றார். முழங்கையில் தோல் போயிருந்ததைத் தவிர அவருக்கு ஒன்றுமில்லை. நான் பிறகொருநாள் அந்தத் தூரத்தை அளந்தேன். கடையிலிருந்து அந்த இடம் வரை அறுநூறு மீற்றர்.

நான் மீன்காரரிடம் ஓடினேன். அறுபது வயதிருக்கும். வலது தொடை நடுவில் ஒரு மடிப்பு இருந்தது, இருக்கக்கூடாத இடத்தில். தொடை எலும்பு போனால் ஆளை அசைக்கக்கூடாது என்று படித்திருக்கிறேன். என் துவாயை நீளமாகக் கிழித்து, உடைந்த மீன்பெட்டியின் பலகையை வைத்துக் காலைக் கட்டத் தொடங்கினேன். அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இருநூறு மீற்றரில் தோணிகள் கரைக்கு வருகிற நேரம் அது. மீன் வாங்க வந்தவர்களும் தோணிக்காரர்களுமாக ஆட்கள் பற்றைக்குள்ளால் ஓடி வந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் இருபது பேர் நின்றார்கள். ஒருவன் முதல் வேலையாக இரண்டு மோட்டார் சைக்கிளின் திறப்பையும் உருவி மடியில் செருகிக்கொண்டான். துடுப்போடு வந்த ஒருவர் மீன்காரரின் தம்பி. ஐம்பது வயது, மேல்சட்டை இல்லை, இடது தோளில் பழைய வெட்டுக்காயம். அண்ணனின் காலைப் பார்த்தார். பிறகு இவரிடம் திரும்பினார்.

இவர் சொன்னதை நான் கேட்டேன். "நான் என்ட பக்கத்தாலதான் வந்தன். அவர்தான் பிழையா வந்தவர்."

பொய் சொல்லவில்லை. அந்த நேரம் அவர் தலைக்குள் வலப்பக்கம்தான் அவருடைய பக்கம். அதனால் அவர் குரலில் தடுமாற்றமே இருக்கவில்லை. அது ஆட்களையும் குழப்பியது. வளைவில் நடந்ததை ஒருவரும் கண்டிருக்கவில்லை. இரண்டு சைக்கிளும் வீதியின் நடுவில் கிடந்தன. மீன்காரருக்குப் பேச முடியவில்லை. இரண்டொருவர், வளைவுதானே, ஆரைச் சொல்வது என்று முணுமுணுத்தார்கள்.

தம்பிக்காரர் துடுப்பால் என் தோளைத் தொட்டார்.

"நீ சொல்லு. உன்னோட வந்த ஆள்தானே. எந்தப் பக்கத்தால வந்தவன்?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இருபது வயதில் எங்கள் ஊரில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் முழங்காலில் இருத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவனிடம், நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். அவன் யோசித்தான். இரண்டு விநாடிதான். துவக்கின் அடிப்பக்கத்தால் வாயில் இடித்தார்கள். பல் என் மடியில் விழுந்தது. அடுத்தது என்னிடம் கேட்டார்கள். நான் கேட்டு முடியுமுன் சொன்னேன், எங்கே, யாரோடு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று. என்னைத் தொடவில்லை. அந்தக் கிழமைதான் நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். எந்த நாளைப் பற்றிக் கேட்டாலும் பதில் இருக்க வேண்டும் என்பதற்காக. அதன்பிறகு இதே வீதியில் எத்தனையோ தடை முகாம்கள். சுற்றி ஆட்கள் நின்று கேட்டால் உடனே, சரியாக, விவரத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் உடம்பில் ஊறிவிட்டது. என் வயதுக்காரர் பலரும் இப்படித்தான்.

"வலப்பக்கம்" என்றேன். "தேத்தண்ணிக் கடையில இருந்தே வலப்பக்கமாத்தான் வந்தவர். நான் ஹோர்னும் அடிச்சன்."

கேட்டதற்கு மேலாகவும் சொல்லியிருந்தேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. வீதியைப் பார்த்தார், தன் சைக்கிளைப் பார்த்தார், பிறகு வாயைத் திறந்தார். சொல்ல வந்ததைச் சொல்லுமுன் முதல் அடி விழுந்தது.

அடித்தவர்கள் ஐந்து பேர். தம்பிக்காரர் துடுப்பால் அடித்தார். நீலப் பெனியன் போட்ட ஒருவன், வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவன், கட்டம் போட்ட சாரத்தோடு ஒரு உயரமானவன் ஆகிய மூவரும் கையாலும் காலாலும். ஐந்தாமவன் என் மோட்டார் சைக்கிளில் நான் கட்டியிருந்த இரும்புப் பூட்டுச் சங்கிலியை அவிழ்த்து எடுத்திருந்தான். இவர் முதல் அடியை வாங்கிக்கொண்டு திருப்பி அடித்தார். வெள்ளைத் தொப்பிக்காரனின் மூக்கில் பட்டு இரத்தம் வந்தது. அதோடு அவர்களுக்கு வெறி ஏறியது. கீழே விழுத்தினார்கள். விழுந்ததும் அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். துடுப்பு கைகளில்தான் விழுந்தது. பத்துவரை எண்ணினேன். அதற்குள் ஒரு கை முறிந்த சத்தம் கேட்டது. மற்றக் கை எப்போது முறிந்தது என்று எனக்குத் தெரியாது. நீலப் பெனியன்காரன் வாயில் உதைத்தான். சங்கிலி முதுகில் விழுந்தது. ஒவ்வொருமுறையும் அவர் உடம்பு மண்ணிலிருந்து கொஞ்சம் எழும்பித் தாழ்ந்தது. நின்ற மற்றப் பதினைந்து பேரும் ஒன்றும் செய்யவில்லை. ஒருவர், தலையில் அடிக்காதே, செத்துப்போவான் என்றார். அவ்வளவுதான்.

நான் மீன்காரரின் காலைக் கட்டிக்கொண்டே இருந்தேன். மூன்று முடிச்சுப் போட்டேன். மூன்றாவது முடிச்சைப் போட்ட பிறகுதான் எழும்பினேன். ஏன் முதலாவதோடு எழும்பவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

என் தலைக்கவசம் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து நீலப் பெனியன்காரனின் காதில் அடித்தேன். அவன் சொல்லாமல் கொள்ளாமல் குந்தினான். இருபத்தைந்து வயதுகூட இராது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தான். நான் மறுபடியும் ஓங்கினேன். அவன் முகத்தை மூடினான். மூடிய கைக்கு மேலேயே அடித்தேன். முதல் அடி இவரைக் காப்பாற்ற அடித்தது. இரண்டாவது அடிக்கு என்னிடம் காரணம் கிடையாது. கையில் அது இனித்தது. நான் அதற்கு முன் ஒரு மனிதரையும் அடித்ததில்லை.

யாரோ என்னைப் பின்னால் இழுத்து மணலில் தள்ளினார்கள். துடுப்பு என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் மீன்காரர் கத்தினார். அதுவரை அவரை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"டேய், முதல்ல என்னத் தூக்கிக்கொண்டு போங்கடா. அவன மறுகா அடிக்கலாம்."

ஒருவன் சிரித்துவிட்டான். தம்பிக்காரர் துடுப்பைக் கீழே போட்டார். அதோடு முடிந்தது. அடி தொடங்கி முடிய மூன்று நிமிடம் இருக்கலாம். நான் மணிக்கூடு பார்க்கவில்லை.

மீன் ஏற்ற வந்த சின்ன லொறியில்தான் இருவரையும் ஏற்றினார்கள். ஐஸ் பெட்டிகளை ஒதுக்கி மீன்காரரை ஒரு பலகையில் கிடத்தினோம். இவரை அவருக்குப் பக்கத்தில் கிடத்தினோம்; வேறு இடமில்லை. நடுவில் நான் இருந்து ஒரு கையால் மீன்காரரின் காலையும் மற்றக் கையால் இவருடைய தலையையும் பிடித்துக்கொண்டேன். எதிரே தம்பிக்காரர் இருந்தார். இவருடைய வாயிலிருந்து வழிந்த இரத்தம் ஐஸ் தண்ணீரோடு கலந்து என் காலணிக்குள் போனது. இரண்டு முன்பற்கள் இல்லை. இரண்டு முன்கைகளும் துணி மாதிரிக் கிடந்தன.

கொஞ்சத் தூரம் போனதும் கண்ணைத் திறந்தார்.

"அண்ண, நான் மெய்யாவே வலப்பக்கமா வந்தன்?"

"ஓம்."

"அங்க அதுதானே நம்மட பக்கம்" என்றார்.

கிட்ட இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இருவரையும் ஒரே அம்புலன்ஸில் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தோம். காலையில் வந்த வீதி முழுவதையும் மறுபடி பார்த்தேன். நெல்லைக் குவித்துப் படங்கால் மூடியிருந்தார்கள். ஆண்கள் விடுதியில் எதிரெதிர்க் கட்டில்கள் கிடைத்தன. மீன்காரரின் தொடைக்கு அன்றைக்கே சத்திரசிகிச்சை. இவருக்கு இரண்டு கைக்கும் முழங்கைக்கு மேல்வரை பிளாஸ்டர். வலது கையின் சிறிய எலும்புகள் சிதறியிருப்பதாகவும் பாரமான ஸ்டீரிங் பிடிக்கிற பலம் திரும்புமா என்று மூன்று மாதம் போய்த்தான் சொல்லலாம் என்றும் டொக்டர் சொன்னார். இவர் கேட்டது ஒரே கேள்வி. ஒரு மாதத்தில் போக முடியாதா? டொக்டர் இல்லை என்று தலையசைத்தார்.

பன்னிரண்டரைக்கு அவர் மனைவி வந்தாள். அழவில்லை. யார் அடித்தது என்று கேட்டாள். இவர் சுவரைப் பார்த்தார். எதிர்க்கட்டிலடியில் நின்ற தம்பிக்காரர் பதில் சொன்னார்: "அவர்ட ஆளே சொன்னவர் பிள்ள, இவர்தான் பிழை எண்டு. நாங்க சும்மா அடிக்கல்ல."

அவள் என்னிடம் திரும்பினாள். "நீங்களா சொன்ன?"

ஓம் என்றேன். எப்போதும் வாய்க்கு வாய் அண்ண என்கிறவள். அன்று முழுவதும் அந்தச் சொல் வரவில்லை.

பின்னேரம் நாலு மணிக்குப் பொலிஸிலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்தார். முதலில் இவரிடம் கேட்டார். மீன்காரர் என் பக்கத்தால் வந்தார், மோதி விழுந்து கை முறிந்தது, யாரும் அடிக்கவில்லை என்றார் இவர். பற்கள் போன இடத்தால் காற்று வந்து சொற்கள் சிதறின. எனக்கு விளங்கியது. அடித்தவர்களைச் சொன்னால் வலப்பக்கம் வந்ததும் எழுத்தில் வரும். வழக்கு வந்தால் வெளிநாட்டுப் பயணம் நின்றுவிடும். தம்பிக்காரரும் அதையே விரும்பினார். இரண்டு பக்கமும் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தப்பலாம். ஆனால் அப்படி எழுதினால் தவறு மீன்காரர் தலையில்தான் விழும். வளைவில் பிழையான பக்கம் வந்து மோதியவர் என்று. அவருக்கு இது இன்னும் தெரியாது. மயக்கம் தெளியாமல் கிடந்தார்.

சார்ஜன்ட் என்னிடம் வந்தார். நான் வாயைத் திறக்குமுன் இவர் சொன்னார்.

"அண்ண, இப்பயாவது பேசாம இருங்க."

சார்ஜன்ட் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இம்முறை யாரும் என்னைச் சுற்றி நிற்கவில்லை. துடுப்பு இல்லை. யோசிக்க நேரம் இருந்தது. நான் யோசித்தேன். யோசித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணிக் கடையிலிருந்து வலப்பக்கமாக வந்தது. மீன்காரர் தன் பக்கத்தில் வந்தது. ஐந்து பேர் அடித்தது, யார் எதனால் அடித்தார்கள் என்பது, அதில் ஒருவர் இங்கேயே நிற்கிறார் என்பது. நான் ஒருவனைத் தலைக்கவசத்தால் இரண்டுதரம் அடித்தது, இரண்டாவது அடி தேவையில்லாதது என்பது. சார்ஜன்ட் மூன்று பக்கம் எழுதினார். நான் கையொப்பம் வைத்தேன். தம்பிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு என்னையும் வரச் சொன்னார்.

தம்பிக்காரர் போகும்போது என் காதுக்குக் கிட்ட வந்து, அந்த வீதியால் இனி நான் வரக்கூடாது என்றார். சத்தம் போடாமல், வழி சொல்வதுபோலச் சொன்னார்.

இவர் என்னைப் பார்க்காமலே சொன்னார், "என்ட கையும் போச்சி, விசாவும் போச்சி. உங்களுக்கு இப்பச் சந்தோசமா?" நான் இல்லை என்றேன். அதுவும் சரியான பதில்தான். அவர் பிளாஸ்டர் போட்ட கையைத் தூக்கி என் நெஞ்சில் அடித்தார். அடித்த வலியில் அவருக்கே மயக்கம் வந்தது. தாதி ஓடிவந்து என்னை ஏசினார், நோயாளியைக் கோபப்படுத்துகிறேன் என்று.

ஆறு மணிக்கு விடுதியை விட்டுப் பெண்கள் போக வேண்டும். ஆண்கள் விடுதியில் இரவில் துணைக்கு ஆண்தான் நிற்கலாம். அவர் மனைவிக்குத் தகப்பன் உயிரோடு இல்லை; சைக்கிள் தந்த மைத்துனர் வெளியூரில். அவருடைய சகோதரர்கள் வயலில் அறுவடை நடக்கிறது, சித்தாண்டியிலிருந்து மறுநாள் மத்தியானம்தான் வர முடியும் என்றார்கள். அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து என் கையில் தந்தாள். "நீங்கதான் நிக்கவேணும். வேற ஆள் இல்ல" என்றாள். நான் நின்றேன்.

எதிர்க்கட்டிலில் மீன்காரருக்கு இருட்டுகிற நேரம் கண் தெளிந்தது. நெடுநேரம் இவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"தம்பி, உனக்கு அடிக்கச் சொல்லி நான் சொல்லல்ல" என்றார்.

வலியில் இருவரும் மாறிமாறி முனகினார்கள். நான் கதிரையில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு, பொலிஸுக்குப் போக முதல், வீட்டுக்கு அழைப்பு எடுக்க முதல், கோப்பையில் தண்ணீர் எடுத்துப் பல் துலக்கும் தூரிகையில் பற்பசை வைத்து அவர் கட்டிலடிக்குப் போனேன். இரண்டு கையும் பிளாஸ்டரில். அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வாயைத் திறக்கச் சொன்னேன். முகத்தைத் திருப்பினார். காத்து நின்றேன். பிறகு திறந்தார். தூரிகையை உள்ளே விட்டதும் மிச்சமிருந்த பற்களால் அதை இறுக்கிக் கடித்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்தார். தூரிகை அசையவில்லை. நான் இழுக்கவில்லை. அவர் தாடையில் நரம்பு துடித்தது, பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்து பற்பசையோடு சிவப்பாக வழிந்தது. பிறகு விட்டார். நான் கீழ் வரிசையில், இடப்பக்கத்தில் தொடங்கி, மெதுவாகத் துலக்கினேன்.